பழைய லாரியின் நம்பர் பிளேட்டைப் படிப்பது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தினருக்கான கேள்வி பதில்

தாத்தா ஓட்டிய லாரியின் மங்கிப்போன படம், பட்டறை ஓரத்தில் முட்செடி மண்டிக் கிடக்கும், எஞ்சின் முன்னால் நீட்டிய மூக்கு வைத்த வண்டி, புரோக்கர் நீட்டும் கிழிந்த ஆர்.சி. புத்தகம் என ஏதோ ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "இது எந்த ஊர் வண்டி, எந்தக் காலத்து வண்டி?" என்று கேட்பவர்களுக்காக இந்தக் கேள்வி பதில்கள் தொகுக்கப்பட்டுள்ளன. பிளேட்டில் ஆங்கிலத்தில் இருக்கும் எழுத்துகள் இங்கே அவற்றின் ஒலிப்பின்படி தமிழில் தரப்பட்டுள்ளன.

நம்பர் பிளேட்டை மட்டும் வைத்து ஒரு லாரியின் வயதைச் சொல்லிவிட முடியுமா?

முடியாது. அந்த வண்டி எந்த அலுவலகத்தில், ஏறத்தாழ எந்தக் காலகட்டத்தில் பதிவு செய்யப்பட்டது என்பதை மட்டுமே எண் சொல்லும். வண்டி எப்போது தயாரானது என்பதை அது சொல்வதில்லை. பெரும்பாலான வண்டிகளில் இந்த இரண்டுக்கும் சில மாத இடைவெளிதான் இருக்கும். ஆனால் ஏலத்தில் எடுத்த இராணுவ வண்டி, வேறு மாநிலத்திலிருந்து வந்த வண்டி ஆகியவற்றில் இடைவெளி பல ஆண்டுகளாக நீளக்கூடும். ஆகவே எண்ணை முதல் சாட்சியாக எடுத்துக்கொண்டு, வண்டியின் முகம், சேஸ் (அடிச்சட்டம்) எண், அலுவலகப் பதிவேடு ஆகியவற்றை அதனோடு ஒத்துப் பார்க்க வேண்டும். சாட்சிகள் முரண்படும்போது சேஸில் வெட்டப்பட்டிருப்பதையே நம்ப வேண்டும் என்பது எங்கள் கருத்து.

மூன்று எழுத்தும் அதன் பின் எண்ணும் மட்டும் கொண்ட பிளேட்டுகள் எந்தக் காலத்தவை?

அவை 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் நடப்பில் இருந்த காலத்தவை. அந்தச் சட்டத்திற்குப் பதிலாக வந்த 1988-ஆம் ஆண்டுச் சட்டம் 1989 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. மாநிலத்திற்கு இரண்டு எழுத்து, அலுவலகத்திற்கு இரண்டு இலக்கம், அதன் பின் தொடர் எழுத்து, கடைசியில் நான்கு இலக்கம் வரை எண் என்று இன்று நாம் பார்க்கும் அமைப்பு அதன் கீழ் வந்தது. எல்லா அலுவலகங்களும் அன்று காலையிலேயே மாறிவிட்டதாகக் கொள்ள வேண்டாம். எல்லைக்கோட்டின் இருபுறமும் சிறிது விட்டுப் பிடிப்பது நல்லது. அதற்கு முன் பதிவான வண்டிகளின் எண் தானாக மாற்றப்படவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. மாநிலத்தை விட்டுப் போகாத வண்டி தன் பழைய மூன்றெழுத்து எண்ணோடே ஓடியது.

பழைய அமைப்பில் முதல் இரண்டு எழுத்துகள் மாநிலத்தையும், மூன்றாம் எழுத்து பெரும்பாலும் பதிவு வட்டாரத்தையும் குறித்தன. சென்னை மாகாணத்திற்கும், பின்னர் சென்னை மாநிலத்திற்கும் எம்.எஸ்., எம்.டி. போன்ற எழுத்துகள் வழங்கின. மாநிலத்தின் பெயர் 1969 ஜனவரி 14 அன்று தமிழ்நாடு என்று மாறியது. டி என்ற எழுத்தில் தொடங்கும் வரிசைகள் அதற்குப் பிந்தைய காலத்தைக் காட்டுபவை. ஆனால் எம் வரிசை அந்த ஒரு நாளில் கத்தரித்தாற்போல் நின்றிருக்கும் என்று எண்ணி, எம் என்றாலே 1969-க்கு முந்தையது என்று சாதிப்பது சரியாகாது.

எம் என்று தொடங்கினால் அது நம் மாநில வண்டிதானே?

நம் வட்டாரத்தில் அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான். ஓசூரைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அந்தப் பக்கம் மைசூர் மாநிலம். அங்கே எம்.ஒய். என்ற எழுத்துகள் வழங்கின, பின்னர் எம்.இ., சி.ஏ. என்று தொடங்கும் வரிசைகளும் வந்தன. 1973 நவம்பர் 1 அன்று மாநிலத்தின் பெயர் கர்நாடகம் என்று மாறிய பிறகும் எம்.ஒய். வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. கிருஷ்ணகிரி, சூளகிரி, ஓசூர்ச் சாலையில் எடுக்கப்பட்ட பழைய படத்தில் எம் தெரிந்தால், இரண்டாம் எழுத்தைப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது. மகாராஷ்டிர வண்டிகளிலும் எம்.ஹெச்., எம்.ஆர். போன்ற தொடக்கங்கள் உண்டு என்பதால், நெடுஞ்சாலையில் எடுத்த படங்களில் அவற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கிழக்கே குப்பம் பக்கத்து ஆந்திர வண்டிகள் ஏ என்ற எழுத்தில் தொடங்கின. ஆந்திர மாநிலம் உருவானது 1953 அக்டோபர் 1 அன்று. அதற்கு முன் சித்தூர் மாவட்டம் சென்னையோடு இருந்தது. எனவே அதற்கு முன் சித்தூரில் பதிவான வண்டியும் சென்னையின் எழுத்துகளையே தாங்கியிருக்கும். மலபாரும் தென் கன்னடமும் 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தில் இருந்ததால் அவற்றின் பழைய வண்டிகளுக்கும் இது பொருந்தும். பின்னாளைய கேரள வண்டிகளை கே.எல்., கே.ஆர். போன்ற தொடக்கங்களால் எளிதில் பிரித்துவிடலாம்.

எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பாலக்கோட்டில் இருக்கிறது. பழைய லாரியின் எண் ஏன் சேலத்தைக் காட்டுகிறது?

தருமபுரி மாவட்டம் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது 1965 அக்டோபர் 2 அன்றுதான். அதற்கு முன் தருமபுரி, பாலக்கோடு, அரூர், கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாமே சேலம் மாவட்டத்தில் இருந்தவை. ஆகவே 1950-களின் வண்டிக்குச் சேலத்து எண் இருப்பது இயல்பு. யாரோ சேலத்துக்காரரிடமிருந்து வாங்கியதாகக் கதை கட்டத் தேவையில்லை. கிருஷ்ணகிரி மாவட்டமோ 2004 பிப்ரவரி 9 அன்று தருமபுரியிலிருந்து பிரிந்தது. இன்றைய எண்களில் தருமபுரிக்கு டி.என். 29, கிருஷ்ணகிரிக்கு டி.என். 24, ஓசூருக்கு டி.என். 70 ஆகியவை வழங்குகின்றன.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஒன்று, தமிழ்நாட்டுக்குள் வண்டி கைமாறினால் எண் மாறுவதில்லை. தருமபுரியில் பதிவாகித் திருநெல்வேலிக்கு விற்கப்பட்ட லாரி கடைசி வரை 29 என்றே ஓடும். இரண்டாவது, தொப்பூர்க் கணவாயில் நின்று பார்த்தால் தெரியும்: அங்கே ஏறி இறங்கும் லாரிகளில் நாமக்கல்லின் 28, திருச்செங்கோட்டின் 34, சங்ககிரியின் 52 ஆகியவையே கண்ணில் அதிகம் படும். லாரித் தொழில் அந்தப் பக்கம் வேரூன்றியிருப்பதே காரணம். கிருஷ்ணகிரி மாங்காயையும் இராயக்கோட்டைத் தக்காளியையும் ஏற்றியது என்பதால் மட்டும் ஒரு வண்டி உள்ளூர் வண்டியாகிவிடாது.

வண்டி பார்த்தால் 1970-களுடையது. எண்ணோ புதிய அமைப்பில் இருக்கிறது. ஏமாற்று வேலையா?

அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், அங்கே புதிய பதிவு எண் பெற வேண்டும் என்று 1988 சட்டத்தின் 47-ஆம் பிரிவு சொல்கிறது. பழைய அலுவலகத்தின் தடையின்மைச் சான்றோடு வந்த கர்நாடக லாரிக்கு, அது வந்து சேர்ந்த நாளில் இங்கே என்ன வரிசை ஓடிக்கொண்டிருந்ததோ அதுவே கிடைக்கும். ஆர்.சி.யில் தயாரிப்பு ஆண்டும் பழைய எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் சங்கதி முடிந்தது. இல்லையென்றால் பணம் கொடுப்பதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகப் பதிவேட்டைப் பார்த்தே தீர வேண்டும்.

டி.என். 29-க்குப் பின் வரும் எழுத்துகளை வைத்து ஆண்டைக் கணிக்கலாமா?

வரிசையைக் கணிக்கலாம், ஆண்டைக் குத்துமதிப்பாகத்தான் சொல்ல முடியும். ஒற்றை எழுத்து வரிசைகள் முடிந்த பிறகே இரட்டை எழுத்துகள் வந்தன. ஒவ்வொரு வரிசையும் 9999-இல் முடிந்து அடுத்த எழுத்துக்குப் போகும். ஆனால் அந்த வேகம் அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும். இரு சக்கர வண்டிகள் குவியும் ஊரில் ஒரு வரிசை விரைவில் தீர்ந்துவிடும். எனவே ஓசூரின் ஒரு தொடரை அரூர்ப் பக்கத்து வண்டியின் தொடரோடு ஒப்பிட்டு ஆண்டு சொல்வது வீண் வேலை. அதே அலுவலகத்தில் பதிவான, தேதி தெரிந்த இன்னொரு வண்டியின் ஆர்.சி. கிடைத்தால் அதுவே நல்ல அளவுகோல். அது இரு சக்கர வண்டியின் ஆர்.சி.யாக இருந்தாலும் பயன்படும்.

ஜி என்ற தொடர் அரசுத் துறை வண்டிகளுக்கும், என் என்ற தொடர் அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்துகளுக்கும் உரியவை. 15 ஆண்டுகளைக் கடந்த அரசு வண்டிகளின் பதிவை 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிப்பதில்லை என்று விதி வந்துவிட்டதால், ஜி எண் கொண்ட பழைய பொதுப்பணித் துறை லாரிகளை இனிக் காயலான் கடையில்தான் தேட வேண்டியிருக்கும்.

பிளேட்டின் நிறம் ஏதாவது சொல்லுமா?

கொஞ்சம் சொல்லும். இன்று வாடகை வண்டிகளுக்கு மஞ்சளில் கறுப்பு, சொந்த வண்டிகளுக்கு வெள்ளையில் கறுப்பு. 2000-களின் தொடக்கத்தில் இந்த மாற்றம் வருவதற்கு முன், சொந்த வண்டிகளுக்குக் கறுப்பில் வெள்ளையும், வாடகை வண்டிகளுக்கு வெள்ளையில் கறுப்பும் இருந்தன. இன்னும் பழைய படங்களில் லாரிகளின் முகப்பிலும் கறுப்பில் வெள்ளை எழுத்தைக் காணலாம். மறுபடி பெயின்ட் அடிக்காத லாரி கிடையாது என்பதால், நேரில் பார்க்கும் வண்டியின் நிறத்தை ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். படமாக இருந்தால் மட்டும் கவனியுங்கள்.

நிறத்தைவிடக் கதவில் எழுதியிருக்கும் எடைக் குறிப்பு சில வேளைகளில் அதிகம் பேசும். ஆர்.எல்.டபிள்யூ. (பதிவான சுமையோடு கூடிய எடை) என்பது 1939 சட்டத்தின் சொல், ஜி.வி.டபிள்யூ. (வண்டியின் மொத்த எடை) என்பது 1988 சட்டத்தின் சொல். பெயின்டர்கள் பழக்க தோஷத்தில் பிந்தைய வண்டிகளிலும் பழைய எழுத்துகளையே எழுதியதுண்டு. ஆகவே ஜி.வி.டபிள்யூ. என்று எழுதியிருந்தால் அந்த எழுத்து புதியது என்று துணிந்து சொல்லலாம், ஆர்.எல்.டபிள்யூ. என்று இருந்தால் அத்தனை துணிச்சல் கூடாது.

படத்தில் எண் பாதிதான் தெரிகிறது. வேறு எதை வைத்துக் காலத்தைக் கணிப்பது?

வண்டியின் முகத்தைப் பாருங்கள். டாடா நிறுவனம் மெர்சிடிஸ் பென்ஸோடு 1954-இல் கூட்டுச் சேர்ந்து லாரி தயாரித்தது. அந்த ஒப்பந்தம் 1969-இல் முடிந்தது. ஆகவே முகப்பில் மூன்று முனை நட்சத்திரம் இருந்தால், அந்த முகப்பு அந்தப் பதினைந்து ஆண்டுக் காலத்தது. அதன் பிறகு வந்த டாடா வண்டிகளையும் நம் ஊர்க்காரர்கள் நெடுங்காலம் "பென்ஸ் லாரி" என்றே சொன்னார்கள் என்பதால், பெரியவர்கள் வாய்மொழியாகச் சொல்வதை வைத்து நட்சத்திரம் இருந்ததாக முடிவு கட்ட வேண்டாம்.

சென்னை எண்ணூரில் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறியது. லேலண்ட் காமெட் என்ற எழுத்தைத் தாங்கிய மூக்கு வண்டிகளை நம் வட்டாரத்துப் படங்களில் நிறையக் காணலாம். அந்த நிறுவனத்தின் ஓசூர்த் தொழிற்சாலை 1980-இல் வந்தது. பம்பாயின் பிரீமியர் நிறுவனம் டாட்ஜ், ஃபார்கோ, டிசோட்டோ பெயர்களிலும், வங்காளத்தின் இந்துஸ்தான் மோட்டார்ஸ் பெட்ஃபோர்டு பெயரிலும் லாரிகளை விற்றன. செவ்ரோலெ, ஃபோர்டு என்றால் போருக்கு முந்தைய வண்டியாகவோ, போர் முடிந்து இராணுவம் கழித்துவிட்ட வண்டியாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். பின்புறம் உருளை வடிவில் ஓர் அடுப்பு பொருத்தியிருந்தால், அது பெட்ரோல் தட்டுப்பாடு நிலவிய இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கரிவாயுவில் ஓடிய கரி வண்டி.

முகத்தையும் எண்ணையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் ஆண்டு இறுகும். டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிசான், சுவராஜ் மஸ்தா, ஐஷர் மிட்சுபிஷி போன்ற ஜப்பானியக் கூட்டுச் சிறு லாரிகள் 1980-களின் நடுவில் வந்தவை. டாடா 407 வந்தது 1986-இல். அப்படிப்பட்ட வண்டியில் மூன்றெழுத்து எண் இருந்தால், முன்னும் பின்னும் அடைபட்டு, 1985-க்கும் 1990-க்கும் இடைப்பட்ட சில ஆண்டுகளே மிஞ்சும். மாறாக, அசோக் லேலண்ட் 1990-களில் இத்தாலிய நிறுவனமான ஐவெகோவின் சதுரக் கேபினோடு கொண்டுவந்த கார்கோ லாரியில் மூன்றெழுத்து எண்ணைப் பார்த்தால் சந்தேகப்பட வேண்டும்: கேபின் மாற்றப்பட்டிருக்கலாம், அல்லது எண் அந்த வண்டியுடையதாக இல்லாமல் இருக்கலாம்.

அம்புக்குறி போட்ட எண் என்ன?

அது இராணுவ எண். மேல் நோக்கிய அம்புக்கு அடுத்து வரும் இரண்டு இலக்கங்கள், வண்டி இராணுவத்தில் சேர்ந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள். லாரிகளில் ஆண்டை நேரடியாகச் சொல்லும் பிளேட் இது ஒன்றுதான். ஜெர்மனியின் எம்.ஏ.என். நிறுவன உரிமத்தில் ஜபல்பூரில் தயாரான சக்திமான் லாரிகளில் இதைப் பார்க்கலாம். ஏலத்தில் வெளியே வந்ததும் அந்த எண் போய், பதிவாகும் நாளின் சாதாரண எண் வந்துவிடும். பெயின்ட்டைச் சுரண்டும்போது அடியில் பச்சையும் அம்பும் தெரிந்தால், அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்ட பிறகு மேலே சுரண்டுங்கள்.

சேஸ் எண்ணை எங்கே, எப்படிப் பார்ப்பது?

சேஸின் நீளச் சட்டத்தில், பெரும்பாலும் முன்பக்கத்தில், எண் வெட்டப்பட்டிருக்கும். கிரீஸையும் மண்ணையும் டீசல் துணியால் துடைத்து, கம்பி பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, மெல்லிய வெள்ளைத் தாளை மேலே வைத்துப் பென்சிலைப் படுக்கை வாட்டில் உரசினால், கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் தாளில் எழும். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எடுக்கும் அதே பென்சில் பிரின்ட்தான். உப்புத்தாளாலோ, கிரைண்டராலோ தேய்க்கவே கூடாது. வெட்டு ஆழம் குறைந்துவிட்டால் வண்டி உண்மையானதாக இருந்தும் ஆவணம் செல்லாமல் போகும். எழுத்துகளின் இடைவெளியும் ஆழமும் ஒன்றுபோல் இல்லையென்றால், அல்லது அந்த இடத்தில் மட்டும் வெல்டிங் தடம் இருந்தால், அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் உள்ளடக்கிய அடையாள எண்ணை வெட்ட வேண்டும் என்பது 1993 திருத்தத்தின் மூலம் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 122-ஆம் விதியாக வந்தது. எழுத்துக் குறியை விரிக்கும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும் என்பதால், அந்தந்த நிறுவனத்தின் பழைய டீலரிடமோ, மூத்த மெக்கானிக்கிடமோ கேட்பதே நல்லது.

இங்கே தயாரிப்புக்கும் பதிவுக்கும் இடையே ஏன் இடைவெளி விழுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய லாரிகள் தொழிற்சாலையிலிருந்து வெறும் சேஸாகவே வெளிவந்தன. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கதவும் கூரையும் இல்லாத சேஸில் டிரைவர் காற்றை நேராக முகத்தில் வாங்கியபடி ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக இறங்குவதைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தச் சேஸ் நாமக்கல்லிலோ திருச்செங்கோட்டிலோ மரப் பாடி கட்டி முடிந்த பிறகே முழுப் பதிவுக்குப் போகும். அதுவரை தற்காலிக எண். நவம்பரில் தயாரான சேஸுக்கு மறு ஆண்டின் எண் விழுவது இதனால்தான்.

எண்ணை ஆன்லைனில் போட்டால் விவரம் வருமா?

புதிய அமைப்பு எண்களுக்கு மத்திய அரசின் போக்குவரத்துத் தளமான பரிவாஹனிலும் எம்-பரிவாஹன் செயலியிலும் பதிவுத் தேதி, வண்டி வகை போன்றவை கிடைக்கும். உரிமையாளர் பெயர் முழுமையாகக் காட்டப்படாது. கணினிக்கு ஏற்றப்படாத பழைய மூன்றெழுத்து எண்கள் பல அங்கே வருவதில்லை. வரவில்லை என்பதால் போலி என்றோ, பதிவு ரத்தானது என்றோ பொருளில்லை. பதிவான அலுவலகத்தில் உள்ள பி-ரிஜிஸ்டர் என்ற பதிவேடே மூல ஆவணம். அதன் நகலுக்கு உரிமையாளரோ, அவர் வாரிசோ எழுத்து மூலம் விண்ணப்பிப்பது முறை.

ஐம்பது ஆண்டு கடந்த லாரிக்கு வி.ஏ. என்ற விண்டேஜ் எண் கிடைக்குமா?

கிடைக்காது. 2021 ஜூலையில் அறிவிக்கப்பட்ட அந்த விதிகள், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து மூல வடிவம் மாறாமல் இருக்கும் இரு சக்கர வண்டிகளுக்கும், பயணிகள் கார் வகையைச் சேர்ந்த நான்கு சக்கர வண்டிகளுக்கும் மட்டுமே உரியவை. மாநில எழுத்துகளை அடுத்து வி.ஏ., அதன் பின் இரண்டு எழுத்து, நான்கு இலக்கம் என்பது அதன் அமைப்பு. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம்; பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும்; வாடகைக்கு ஓட்டக் கூடாது. சரக்கு வண்டிகள் இந்த வரையறைக்குள் வரவில்லை. நாட்டின் சரக்கைச் சுமந்த வண்டிகளை விட்டுவிட்டுக் கார்களுக்கு மட்டும் இந்தச் சலுகை என்பது எங்களுக்கு நியாயமாகப் படவில்லை என்றாலும், விதி இன்று அப்படித்தான் இருக்கிறது. வி.ஏ. எண் வாங்கித் தருவதாகச் சொல்லி லாரிக்கு முன்பணம் கேட்கும் புரோக்கரிடம் கவனமாக இருங்கள்.

புதிய ஹோலோகிராம் பிளேட் மாட்டியிருக்கும் பழைய வண்டியை எப்படிப் பார்ப்பது?

பிளேட்டை ஒதுக்கிவிட்டு எண்ணை மட்டும் படியுங்கள். ஹோலோகிராம் கொண்ட இந்த உயர் பாதுகாப்புப் பிளேட் 2019 ஏப்ரல் 1 முதல் புதிய வண்டிகளுக்குக் கட்டாயமானது. பழைய வண்டிக்கும் அதை மாட்டலாம் என்பதால் தகட்டின் வயதுக்கும் வண்டியின் வயதுக்கும் தொடர்பில்லை.

பழுது பார்த்துப் புதுப்பித்த லாரியில், பழைய அழகுக்காக அந்தக் காலத்து மூன்றெழுத்து எண்ணை எழுதி வைக்கலாமா?

ஆர்.சி.யில் உள்ள எண் அதுவேயானால் அதைத்தான் எழுத வேண்டும். வேறு எண்ணுக்கு மாறிவிட்ட வண்டியென்றால், பழைய எண்ணோடு அதைச் சாலையில் இறக்கக் கூடாது. அது போலி எண்ணாகவே கொள்ளப்படும். கல்யாண மண்டப வாசலிலோ படப்பிடிப்பிலோ நிறுத்தி வைப்பதற்கு மட்டும் வேண்டுமானால், பழைய எண்ணைத் தனிப் பலகையில் எழுதி, வண்டி நகர்வதற்கு முன் கழற்றிவிடும்படி மாட்டுங்கள். பம்பரில் நேரடியாகப் பெயின்ட்டால் எழுத வேண்டாம்.